கிணறு இல்லாத வீடும் எங்கள் சேர்மனும்

சேர்மன் இறந்த செய்தி வந்தபோது நான் லிஃப்டுக்குள் நின்றேன். வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடிக்கட்டடத்தில் கரண்ட் போனால் லிஃப்ட் இரண்டு தட்டுக்கு நடுவில் நின்றுவிடும். அப்படி நின்ற நேரத்தில்தான் எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் ராசநாயகம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, சேர்மன் போயிட்டார். விடியப்புறம் நித்திரையிலயே போயிட்டார்."

"லிஃப்டுக்குள்ள நிக்கிறன். வெளிய வந்து கதைக்கிறன்" என்றேன். அவர் விடவில்லை. "அந்தியேட்டி மலருக்கு நீங்களும் ஒண்டு எழுதித் தரவேணும். நல்லதா நாலு வரி."

"நல்லதா வராட்டி?"

"அண்ணை, இது செத்த வீடு" என்றார் ராசநாயகம். பிரேதம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, அதற்குள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் குழு கூடிவிட்டது. இந்தச் சங்கம் வேறெந்த வேலையையும் இவ்வளவு விரைவாகச் செய்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்காக எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

சேர்மன் என்ற அருளம்பலத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் முன்னேற்றச் சங்கத்தின் கொழும்புக் கிளைக்குத் தலைவர். எப்போது தெரிவானார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் தெரிவு என்று ஒன்று நடந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் அவருடைய மனைவியே அவரைச் சேர்மன் என்றுதான் சொல்வார். நான் கொட்டாஞ்சேனையில் சின்ன அலுவலகம் வைத்திருக்கும் நில அளவையாளன். சேவையர் என்றால்தான் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய வீட்டு ஹோலில் தர்பார் நடக்கும். அவர் சாய்மனைக் கதிரையில் இருப்பார், வந்தவர்கள் சுவரோடு நிற்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி, லொட்ஜில் அறை எடுக்க ஒரு கடிதம், பொலிசில் பிடிபட்ட மருமகனுக்கு யாரைப் பிடிக்கலாம் என்ற ஆலோசனை, எல்லாம் அங்கேதான். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்: "பாப்பம். நீர் யோசியாதையும்." கேட்டவர் முகம் தெளிந்து படியிறங்கிப் போவார். பிறகு ஒன்றும் நடக்காது. அடுத்த ஞாயிறு அதே ஆள் அதே சுவரோடு வந்து நிற்பார். இதற்கு அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை என்பதை மலரில் பத்துப் பேர் எழுதுவார்கள், அது உண்மைதான். காசுக்காகச் செய்பவனை எனக்கு விளங்கும். நாலு பேர் வந்து தன்னைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே அடுத்தவன் காரியத்தில் கை வைக்கும் மனிதரை என்னால் மதிக்க முடியவில்லை.

"எங்கட ஊர் எனக்கு உள்ளங்கை மாதிரி" என்பது அவருடைய இன்னொரு வசனம். ஒரு நாள் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஊரை வரைந்து காட்டினார். பள்ளிக்கூடம் தெருவுக்கு மறுபக்கம் கிடந்தது. "சேர்மன், பள்ளிக்கூடம் கோயில் பக்கத்தில எல்லோ" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "பிறகு மாத்திக் கட்டிப்போட்டாங்கள்" என்றார். அந்தப் பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் உத்தியோகம் கிடைத்து ஊரை விட்ட பிறகு திருவிழாவுக்கு மட்டும் போய்வந்தவர், சண்டை தொடங்கியபின் அதுவும் இல்லை. சமாதானப் பேச்சு நடந்து பாதை திறந்தபோது வெள்ளவத்தையே பஸ் பிடித்து ஊர் பார்க்கப் போனது. அவர் போகவில்லை. முழங்கால் வருத்தம் என்றார்.

அந்தப் பாதை திறந்த காலத்தில் நீங்கள் ஊர் வீடு வாங்கிய விதத்தைச் சொல்லாமல் சேர்மனைப் பற்றி எழுத முடியாது. விற்கிறவர் கனடாவில், வாங்குகிறவர் வெள்ளவத்தையில், உறுதி எழுதும் நொத்தாரிசு கொழும்புக் காலி வீதியில் ஒரு மாடியில். வீடு மட்டும் ஊரில். இடையில் ஒரு வீடியோ கசெட். மாமரம், முன்கதவு, துவக்குச் சூடு பட்ட சுவரில் பூசிய புதுச் சாந்து எல்லாம் அதில் வரும். எல்லை எங்கே என்று படம் பிடித்தவனை ஒருவரும் கேட்டதில்லை. சேலை வாங்கப் போனால் கடைக்கு வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடிப்பீர்கள், நூலை இழுத்துப் பார்ப்பீர்கள், பிடிக்காமல் அடுத்த கடைக்கு நடப்பீர்கள். வீட்டுக்கு மட்டும் வீடியோ போதும். வேலிகளையெல்லாம் இடம்பெயர்ந்த காலத்தில் யார் யாரோ அடுப்பில் வைத்து எரித்துவிட்டார்கள். எல்லை என்று மிஞ்சியது உங்கள் ஞாபகம்தான், அதிலும் ஆளுக்கு ஒன்று.

சிவஞானத்தை உங்களில் சிலருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து இரும்புக்கடையில் ஸ்டோர் பார்ப்பவர். மனைவி பவளம் இருந்த அறைக்குள்ளேயே மெஷின் வைத்து பிளவுஸ் தைப்பாள். கிருலப்பனை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று அவர்கள் மாறாத அறை இல்லை. எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். தமிழ் வீட்டுக்காரரும் அப்படித்தான், குரல் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஒரு முறை பவளம் என்னிடம் சொன்னாள்: "அண்ணை, ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லாத ஒரு வீடு வேணும். சின்னனெண்டாலும் காரியமில்லை." அவள் வேறெதையும் கேட்டு நான் அறியேன்.

சேர்மன் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கனடாவில் இருந்த அவருடைய மருமகன் முறையான ஒருவருக்கு ஊரில் தாய்வழி வந்த வீடு. சிவஞானத்திடம் நான் சொன்னேன், உறுதிப் பத்திரம் எழுத முதல் அளந்து பார்ப்போம், நானே வருகிறேன், பஸ் காசு மட்டும் போதும் என்று. அவர் சந்தோஷப்பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோலுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னரே அங்கே போயிருந்தது.

"என்ன சேவையர், என்ர மருமகன்ர காணிக்குச் சங்கிலி பிடிக்கப் போறீராம்?"

"ஓம் சேர்மன். வாங்கிற காணியை அளக்கிறது வழமைதானே."

"முன்னப்பின்ன தெரியாதவனிட்ட வாங்கேக்க அளவும். இது எங்கட ஊர், எங்கட ஆக்கள். அளக்கிறதெண்டால் நம்பேல்லை எண்டுதானே அர்த்தம். சேவையர் வந்தால்தான் எல்லைச் சண்டை வாறது."

"வேலி எங்க நிண்டதெண்டு தெரியுமோ?"

"அங்க எப்ப வேலி இருந்தது? தமக்கையும் தங்கச்சியும் ஒண்டா இருந்த வளவு."

"அதுக்குத்தான் அளக்கக் கேக்கிறன்."

ஹோல் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். சேர்மன் சுவர்ப் பக்கம் திரும்பினார். "சிவஞானம், உமக்கு என்னில நம்பிக்கை இல்லையோ?"

அத்தனை பேருக்கு முன்னால் அதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்லலாம்? "ஐயோ, அப்பிடியில்லை ஐயா" என்றார் சிவஞானம், நிலத்தைப் பார்த்தபடி. அளவை அதோடு முடிந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் பலர் இந்த மலரிலும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

சிவஞானம் வீட்டை எழுதி வாங்கினார். உறுதியில் ஒரு பிழையும் இல்லை. நொத்தாரிசு பதிவெல்லாம் தேடிப் பார்த்தார், எல்லாம் சுத்தம். கோளாறு நிலத்தில் இருந்தது. சகோதரிகள் இருவருக்கும் தகப்பன் ஒரே வளவைச் சீதனமாகப் பிரித்து எழுதியிருந்தார். தமக்கைக்கு இவ்வளவு பரப்பு, தங்கைக்கு மிச்சம். விற்றவரின் தாயான தமக்கையின் பங்கில் வீடு. தள்ளித் தனியாக நின்ற குசினியும் கிணறும் தங்கையின் பங்கில். இருவரும் ஒரே கிணற்றில் அள்ளி ஒரே அடுப்பில் சமைத்தவர்கள், ஆகவே கிணற்றுப் பங்கு என்று ஒரு வரி எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாடாவைப் பிடித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்.

சிவஞானமும் பவளமும் குடிபோய்ச் சில மாதங்களில் தங்கையின் மகள் வவுனியாவிலிருந்து ஊருக்குத் திரும்பினாள். தன் கிணற்றில் யாரோ தெரியாதவர்கள் தண்ணீர் அள்ளுவதைக் கண்டாள். வேலி அடைத்தாள். அவளில் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

சிவஞானம் கூப்பிட்டு அப்போதுதான் நான் போய் அளந்தேன். கோடு வீட்டின் பின்கதவுக்கும் குசினிக்கும் நடுவால் போனது. கதவைத் திறந்தால் வேலி. பவளம் நான் கட்டை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணை, கோடு கொஞ்சம் அங்கால போகாதோ?"

"போகாது பிள்ளை" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. முன்வளவில் கிணறு வெட்டிப் பார்த்தார்கள், வாயில் வைக்க முடியாத உவர் தண்ணீர் வந்தது. கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தார்கள்.

கொழும்பில் சேர்மன் கூட்டம் வைத்தார். "ஊராக்கள் கதைச்சுத் தீர்ப்பம்" என்று தீர்மானம் நிறைவேறியது, படமும் எடுத்தார்கள். மறுபடி ஊருக்குப் போய் அதை நான் அந்தத் தங்கை மகளுக்குச் சொன்னபோது அவள் ஓலை பின்னும் கையை நிறுத்தாமல், "ஆர் அந்தச் சேர்மன்?" என்று கேட்டாள்.

பிறகு பேச்சுக் குழம்பி ஷெல் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. பாதை பூட்டமுதல் சிவஞானமும் பவளமும் வெள்ளவத்தைக்கு வந்து லொட்ஜில் ஒரு அறை எடுத்தார்கள். லொட்ஜ் லொட்ஜாகச் சோதனை நடந்த ஒரு காலையில் மனேஜர் என்னைக் கூப்பிட்டார், எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால். பதிவுப் பத்திரத்தில் நிரந்தர விலாசம் என்ற இடத்தில் பவளம் அந்த ஊர் வீட்டை எழுதியிருந்தாள். ஆசையாக எழுதியிருப்பாள். அதிகாரி அதைப் பார்த்து, ஊரில் சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்கமுதல் அவளே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னாள்: "கெயக் தியனவா சேர். லிந்தக் நே."

வீடு இருக்கிறது, கிணறு இல்லை. அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கினேன், அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. பொழுதுபடமுதல் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒருவரும் எழும்பச் சொல்லக்கூடாது என்று வாங்கிய வீட்டின் பெயரைச் சொல்லியே அவர்களை எழுப்பினார்கள். இப்போது இரும்புக்கடையின் மேல் ஸ்டோரில், முதலாளியின் தயவில் இருக்கிறார்கள்.

சேர்மனை நான் கடைசியாகக் கண்டது இதற்குப் பிறகுதான். "சேவையர், டேப்பைக் கொண்டு ஒருக்கா வாரும்" என்று அழைத்தார். பக்கத்து ஃபிளாட்காரர் நடைபாதையில் சப்பாத்துத் தட்டு வைத்து அவருடைய பக்கத்தைப் பிடித்துவிட்டாராம். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார், ஊருக்குப் போக விடாத அதே முழங்காலில் குந்தியிருந்து. "ஒரு விரற்கடை விடேலாது" என்றார்.

"சிவஞானத்தின்ர காணியை அளக்க நீங்கள் விடேல்லையே, சேர்மன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அது ஊர், சேவையர். இது சொத்து."

அளந்ததில் அவர் போட்டிருந்த இரும்புக் கதவுதான் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கில் நின்றது. "உம்மட டேப் பிழை" என்றார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கனத்தையில் தகனம் முடிந்து சேர்மன் வீட்டுக்குத் திரும்பியபோது பவளம் தேநீர்த் தட்டோடு ஹோலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. "பாவம் அண்ணை, எங்களுக்காக எவ்வளவு பாடுபட்ட மனிசன்" என்றாள். நான் தேநீரை எடுத்தேன். வேறு என்ன செய்வது? இப்படி அழுகிறவர்கள் இருந்தபடியால்தான் அவர் கடைசி வரை சேர்மனாக இருந்தார்.

அவள் போகாமல் நின்றாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "பாதை திறந்தால் இன்னொருக்கா அளந்து பாப்பமோ, அண்ணை? கோடு கொஞ்சம் அங்கால போகுமோ தெரியாது" என்றாள்.

நான் இரண்டு தரம் சரிபார்த்து அடித்த கட்டைகள் அவை. அந்தக் கோடு எந்தக் காலத்திலும் அங்கால போகாது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். தட்டைப் பிடித்திருந்த அவளுடைய கையைப் பார்த்தேன்.

"பாப்பம்" என்றேன். "நீர் யோசியாதையும்."

அவள் முகம் தெளிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். சேர்மனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தச் சொல்தான். நான் கேட்டு வாங்கவில்லை, இப்போது திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.