ஐஸ்பெட்டியில் பாதி இடம்

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் வாசலில் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய மண்முட்டி ஒன்று இருக்கும். மணிக்கொருதரம் எழும்பி அந்தத் துணியை நனைப்பார். உள்ளே இருந்தது சூட்டில் கெட்டுப்போகும் அவருடைய இன்சுலின். ஆய்வுகூடப் பிரிஜ்ஜில் மருந்து வைக்கக்கூடாது என்று சட்டம் பேசி மறுத்தவள் நான்தான்.

பிரிஜ்ஜில் என்னுடைய நொதியம், அதாவது என்சைம், இருந்தது. வெந்நீரூற்றில் வாழும் பக்றீரியாவிலிருந்து எடுத்தது; ஆர்.என்.ஏ.யை வெட்டிச் சீராக்குவது. அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் என் ஆய்வு.

சித்திரை வெயிலில் ஒருநாள் கரண்ட் போனது. நான் பதறியதைப் பார்த்து, அவர் கொழும்புத்துறை மீன்வாடிக்குச் சைக்கிள் மிதித்து ஒரு பெட்டி ஐஸ் கொண்டுவந்தார். நொதியக் குழாய்களை அதில் அடுக்கினேன்.

வியர்வையைத் துடைத்தபடி அவர் கேட்டார்: "பிள்ளை, உது கொதிதண்ணியிலை சீவிக்கிற கிருமியின்ரை சாமானெண்டெல்லோ சொன்னனீங்கள்? பிறகேன் உதுக்கு ஐஸ்?"

"எல்லா நொதியமும் ஐஸிலைதான் வைக்கிறது. அது வழக்கம் அண்ணை."

"ஓம்" என்றார். பெட்டியில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணியை நனைக்கப் போனார். அந்தப் பெட்டிக்கு எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் நான் அவரைக் கூப்பிடவில்லை.

எழுபது பாகைச் சூட்டில் ஒரு மணிநேரம் வைத்தும் நொதியம் கெடவில்லை என்று காட்டிப் பட்டம் வாங்கிவிட்டேன். அப்படியானால் அதை ஏன் ஐஸில் வைத்தாய் என்று எந்தப் பரீட்சகரும் கேட்கவில்லை. கேட்டவர் அவர் ஒருவர்தான்.