ஏழாம் ஷெட்டின் ஜீரோ

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் முட்டைப் பண்ணை. பன்னிரண்டு ஷெட், ஆபீசில் இரண்டே பேர். தீவன லாரிகளைப் பார்ப்பது என் வேலை. ஷெட் விவரமெல்லாம் ஏறும் எக்ஸெல் ஷீட் கமலவேணி அக்காவின் பொறுப்பு.

அக்கா ராசிபுரத்துத் தறிக்குடும்பம். முப்பத்தெட்டு வயதில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தவர். அந்த ஷீட்டில் ஒரு கோடு கோணினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஏப்ரலில் முதலாளி மோகன்குமார் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார். "ஏனுங்க அம்மிணி, மருந்து, உடைசல், சாவுன்னு எங்க பார்த்தாலும் ஜீரோவா நிக்குது. கண்ணே பூத்துப்போவுது. எடுத்துப்போடுங்க."

அழித்தால் ஃபார்முலா கெட்டுப்போகும். அக்கா இரண்டு நாள் தேடிப் படித்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ஒரு விதி போட்டார்: கட்டத்தில் ஜீரோ வந்தால் எழுத்து வெள்ளையாகிவிடும். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து. யார் கண்ணுக்கும் தெரியாது. "பலே!" என்றார் முதலாளி. அக்கா அன்றைக்கு எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பாவம், அவரை அதுவரை யார் பாராட்டியிருக்கிறார்கள்?

ஒரே ஒரு தப்பு. விதியை முழு ஷீட்டுக்கும் போட்டுவிட்டார், தண்ணீர் வரிசையையும் சேர்த்து. சாவில் ஜீரோ என்றால் நிம்மதி. தண்ணீரில் ஜீரோ என்றால் கோழிகள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று அர்த்தம். காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஷெட்காரர்கள் தண்ணீர் மீட்டர் எண்ணைப் போனில் சொல்வார்கள். அக்கா அதைத் தனி ஷீட்டில் அடிப்பார். எத்தனை லிட்டர் போனதென்று கம்ப்யூட்டரே கழித்து இந்த ஷீட்டில் காட்டும்.

மே மாத வெயிலில் ஒரு நாள் காலையிலேயே ஏழாம் ஷெட்டின் தண்ணீர்க் குழாய் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. எல்லா ஷெட்டிலும் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றன. வெயில் என்றே நினைத்தோம். மூன்று மணிக்குள் ஏழாம் ஷெட்டில் மட்டும் நானூறு கோழி செத்துப்போய்விட்டது.

முதலாளி ஆபீசுக்குள் வந்து அக்காவின் ஸ்கிரீனைப் பார்த்தார். பின்னாலேயே ஏழாம் ஷெட்காரர் செங்கோடன்.

"பதினொரு மணிக்கு மத்த ஷெட்டுக்கெல்லாம் தண்ணிக் கணக்கு இருக்குது, ஏழுல வெறுங்கட்டம். நீ மீட்டரே பார்க்கலையாப்பா?"

"பார்த்துச் சொன்ன ஞாபகமுங்க..."

"சொன்னா இங்க இருக்கோணுமல்ல?"

செங்கோடன் அந்த வெறுங்கட்டத்தையே பார்த்தார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பண்ணையிலேயே குடியிருப்பவர். தலையைத் தொங்கப்போட்டார். "மறந்துட்டேனாட்ட இருக்குதுங்க."

"சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக்க."

அக்கா அந்தக் கட்டத்தின் மேல் கிளிக் செய்தார். மேலே உள்ள பட்டையில் ஃபார்முலா. தனி ஷீட்டைத் திறந்தார். காலை ஏழு மணிக்கு ஒரு எண். பதினொரு மணிக்கும் அதே எண். கழித்தால் ஜீரோ.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, கம்முனு இருங்க. அவரே ஒத்துக்கிட்டாருல்ல," என்று காதில் கிசுகிசுத்தேன். என் வாயில் மண்ணைப் போட!

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரலில் போட்ட விதியை நீக்கினார். ஷீட் முழுக்க ஜீரோக்கள் மளமளவென்று எழுந்து நின்றன. ஸ்கிரீனை முதலாளி பக்கம் திருப்பினார்.

"அவரு சொன்னாருங்க. நாந்தான் டைப் பண்ணுனேன். ஜீரோ இங்கயேதான் இருந்துச்சு. நாந்தான் தெரியாம மறைச்சு வச்சுட்டேன். ஏழு மணி நம்பரும் பதினொரு மணி நம்பரும் ஒண்ணா இருந்ததை நான் பார்த்திருக்கோணும். காலி பண்ணச் சொல்றதுன்னா என்னைச் சொல்லுங்க."

மறைக்கச் சொன்னது யார் என்பது முதலாளிக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "யாரும் எங்கயும் போக வேண்டாம்," என்று முனகிவிட்டு ஏழாம் ஷெட்டுக்கு நடந்தார்.

செங்கோடன் மட்டும் நகரவில்லை. அக்கா மேல் கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து அந்த ஜீரோவைப் பார்த்தார்.

"அப்ப நான் சொல்லித்தானுங்க இருக்கேன், சாமி?"

"சொன்னீங்கண்ணா."

"எனக்கே என் மேல நம்பிக்கை போயிருச்சுங்க," என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.