சுமை ஏற்றிப் பார்

திருகாணியைத் தொடுவதற்கு முன் டெஸ்மா மூக்கைத்தான் நீட்டுவாள். கீபோர்டைக் கவிழ்த்து, காற்றுத் துளைகளில் முகத்தைப் புதைத்து, பலாப்பழம் வாங்குகிறவளைப் போல ஓர் இழுப்பு. எலி மூத்திரம், வெந்த பல்லி, கருகிய வார்னிஷ் எல்லாம் அவளுக்கு அத்துபடி. சுமத்ராவின் பாயாகும்புச் சந்தையில், கருவாட்டுக் கடையை ஒட்டிப் பழுதுபார்க்கும் கடை போட்டுக்கொண்டு இப்படியொரு மூக்கை எப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறாளோ!

அன்று காலை முகர்ந்தவள் நிமிர்ந்து சிரித்தாள். "என்ன உடா, எலுமிச்சை வாசம் அடிக்குது? கீபோர்டுக்குப் பித்தமா?"

எதிரே நின்ற ஷஃப்ரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாண வீடுகளில் ஒற்றைக் கீபோர்டை வைத்து முழுக் கச்சேரியையும் நடத்திவிடுகிறவன் அவன். பாட்டு மெதுவாகப் போகும்வரை ஒழுங்காக இருக்கும் பெட்டி, ஆட்டம் சூடுபிடித்ததும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. மதியம் அவன் தங்கை மகளுக்குக் கல்யாணம். அந்த ஊரில் தாய்மாமன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. அவள் மேடையேறும்போது தானே வாசிப்பதாக, அவள் பல் விழுந்த சிறுமியாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தான்.

"எதிர் கோஷ்டிக்காரன் என்னமோ வெச்சிட்டான், உனி. அதான் எலுமிச்சை மந்திரிச்சு, அந்தத் தண்ணியத் தெளிச்சேன். அடாப்டர்ல குத்தமில்ல. மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன், பன்னெண்டு வோல்ட் டாண்ணு காட்டுது."

உனி என்றால் அக்கா, உடா என்றால் அண்ணன். அவனைவிட இளையவள்தான், ஆனால் பெட்டி படுத்துவிட்டால் ஊருக்கே அவள் அக்கா.

"சும்மா உக்காந்திருக்கிறப்போ எல்லாரும் நல்லவங்கதான், உடா. சுமை ஏத்திப் பாருங்க." மாப்பிள்ளை தேடி அலைகிறவர்களுக்கும் அவள் இதையேதான் சொல்வாள்.

அவளிடம் சுமை என்பது மோட்டார் சைக்கிளின் பழைய இண்டிகேட்டர் பல்பு. அதை அடாப்டரில் மாட்டினாள். பளிச்சென்று கண் விழித்த பல்பு உடனே சோர்ந்து சிவந்தது. மீட்டர் பன்னிரண்டிலிருந்து வழுக்கி ஏழில் வந்து நின்றது.

"பாவம் அந்த மனுசன்! அவன் தலையில பழியப் போட்டீங்களே."

அடாப்டரைப் பிளந்தாள். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் தலை புடைத்து நின்றது. "பக்கத்து வீட்டுக் கரண்டு, ஜெனரேட்டர் கரண்டுன்னு கண்டதையும் ஊட்டினா வயிறு ஊதாம என்ன செய்யும்?" திட்டிக்கொண்டே பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தாள். எலுமிச்சைத் தண்ணீரின் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஷஃப்ரில் பிரசவ அறை வாசலில் நிற்பவனைப் போல நின்றான்.

பல்பு இப்போது சோராமல் எரிந்தது. மீட்டர் அசையவில்லை. அப்படியும் அவள் பெட்டியைக் கொடுத்துவிடவில்லை. ஒலியை முழுதாக ஏற்றி, இரு முழங்கைகளையும் கட்டைகள்மேல் கிடத்தி அப்படியே சாய்ந்துகொண்டாள்.

"நிறுத்து உனி! கருவாடெல்லாம் உசுரு வந்து ஓடிரும்!" என்று பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

பெட்டி அணையவில்லை.

ஷஃப்ரில் உட்கார்ந்து, மணப்பெண் மேடையேறும் பாட்டை வாசித்தான். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, வழக்கமாக அணைகிற இடத்தையும் தாண்டினான். கண் கலங்கியது. அதை அவன் மறைக்கவும் இல்லை. பிறகு சட்டைப் பையில் மிச்சமிருந்த அரை எலுமிச்சையை எடுத்துக் கூச்சத்தோடு பார்த்தான்.

"இத என்ன செய்யிறது?"

டெஸ்மா அதைப் பிடுங்கினாள். ஆறிக்கொண்டிருந்த தன் முட்டைத் தேநீரில் ஊர் வழக்கப்படி கடைசிச் சொட்டுவரை பிழிந்து, கலக்கி, முதல் மடக்கை அவனுக்கு நீட்டினாள்.