மஞ்சள் நூல் ஒயர்

என் வீட்டுக்காரர் வில்லியனூரில் வாடகைக் கார் ஓட்டினார். தன் நாட்டுக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. பிள்ளைப்பேறோ, கல்யாணமோ, சாவோ, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். எங்களுக்கு நிலமில்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த வண்டிதான் சோறு போட்டது.

ஒரு மழைக்காலத்தில் பாகூரில் சவாரியை இறக்கிவிட்டு வந்தவர் முகம் வெளிறிக் கிடந்தது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததாம். காலடியில் துணி கருகும் நாற்றம் வேறு.

"எங்கியோ ஒயர் தோலுரிஞ்சி இரும்புல படுது. பெட்ரோல் கிட்ட பொறி வுழுந்தா வண்டியோட போவ வேண்டியதுதான்" என்றார்.

"பாண்டிச்சேரில மெக்கானிக்கிட்ட வுட்டுட்டு வாங்களேன்."

"வேணாம். நானே பாத்துக்குறேன். நீ கூட இரு, போதும்."

எத்தனையோ முறை அவரே வண்டியைப் பிரித்து மாட்டியிருக்கிறார். ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. பயந்துவிட்டார், அதனால்தான் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை கொட்டகையில் வண்டியின் அடிப்பலகைகளைப் பெயர்த்து வைத்தோம். பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகும் கம்பியை அவர் கழற்றி, பேட்டரிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பைக் கோத்தார்.

"எல்லா சுவிட்சும் அணைச்சிக் கெடக்குது. இப்ப இது எரியக்கூடாது. எரிஞ்சா கரண்டு எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். நீ அந்த ஒயருங்களப் புடிச்சி ஆட்டு."

ஆட்டினேன். பல்பு மங்கலாகச் சிவந்து எரிந்தது. தள்ளி நின்ற எனக்கே நன்றாகத் தெரிந்தது. அவரோ அதைக் கையில் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"இன்னாடி, எரியுதா?" என்றார்.

"வெளையாடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "எரியுதா இல்லியா, அத்த சொல்லு."

"எரியுது" என்றேன். 

பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்தக் காலத்து ஒயர்களின் மேல் கலர் நூல் பின்னியிருக்கும். அவர் ஒன்றைத் தொட்டு இன்னா கலர் என்று கேட்பார், நான் சொல்வேன். சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. மஞ்சள் நூல் ஒயரைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. சொன்னேன்.

"அது பிரேக் வெளக்கு சுவிட்சுக்குப் போறது, எப்பவும் கரண்டு இருக்கும்" என்றார்.

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாகப் போனோம். இரும்புச் சட்டத்தில் ஓர் ஓட்டை வழியாக அது நுழைந்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த ரப்பர் இற்றுப்போய், இரும்பு விளிம்பு நூலை அறுத்துச் செம்பு தெரிந்தது. சுற்றிலும் கரி. அவர் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்துக் கொடுத்தார். நான் அதை இறுக்கிச் சுற்றி, மேலே துணிப்பட்டை ஒட்டி, விளிம்பில் படாதபடி கட்டினேன். ஒயரைத் திரும்ப மாட்டி எப்படி ஆட்டியும் பல்பு எரியவில்லை. வண்டி சரியாகிவிட்டது.

அவர் மண்ணெண்ணெயில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "எப்ப இருந்து?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "போன அறுப்புல இருந்தே பொகை மூட்டமா இருக்குது. கண்ணாடி போட்டா சரியாயிடும்னு நெனைச்சேன்."

"அப்ப எப்பிடித்தான் ஓட்டுறீங்க?"

"ரோடு எனக்கு மனப்பாடம். மாட்டு வண்டி வந்தா மணி கேக்கும். மோட்டார் வந்தா சத்தம் கேக்கும்."

"மனுசங்க வந்தா?"

அவர் மறுபடி கை துடைக்க ஆரம்பித்தார்.

நாங்கள் அப்படியே நின்றிருக்கும்போது நெட்டப்பாக்கம் பக்கத்து ஆள் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய தாய்க்கு மூச்சு இழுப்பாம். உடனே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

"வண்டி இருக்குதா அண்ணே?"

என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் குனிந்தார். வெளி ஆள் எதிரே அவரை மறித்துப் பேச எனக்கு நா எழவில்லை. அவரையே பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. கம்பியைத் துளையில் செருகியவர் சுற்றவில்லை. மெல்ல நிமிர்ந்தார்.

"வண்டி நல்லா இருக்குதுபா. எனக்குத்தான் கண்ணு தெரியல. கடைத்தெருவுல வேற வண்டி கெடைக்கும், சீக்கிரமா ஓடு."

அந்த ஆள் நம்பவில்லை. "நேத்து பாகூர் ரோட்டுல ஓட்டினியே, நான் பாத்தேனே! அங்க எங்கம்மா மூச்சு வுட முடியாம கெடக்குது, நீ கதை சொல்றியா?" என்று கத்தினார். மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார். இவர் அத்தனையையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

அந்தம்மா பிழைத்துக்கொண்டார் என்று சேதி வரும்வரை இவர் சரியாகச் சாப்பிடவில்லை. இவருக்குக் கண் தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு பரவியது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண் நரம்பு பட்டுக்கொண்டு வருகிறது, கண்ணாடி போட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டியை ஓட்ட ஓர் ஆளை வைத்தோம். முதல் நாள் இவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனார். வந்ததும், "தேவையே இல்லாம பிரேக்க மிதிக்கிறான்" என்று மட்டும் சொன்னார். ஆட்கள் குறுக்கே வந்தார்கள் என்றான் ஓட்டி வந்தவன், இவர் காதுபட.

மறுநாள் அவர் ஏறவில்லை. வண்டிச் சத்தம் தெரு முனையில் ஓயும்வரை கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.