ரோஸ்மேரிக்காக அரைத்த மிளகாய்

ரோஸ்மேரிக்கு வலது கை விழுந்துவிட்டதாம். இரண்டு மூன்று பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர் சென்னியப்பன் சொன்னதாகப் பக்கத்து மேசை அனுசுயா வந்து சொன்னாள். செக்கிங் மேசையில் டீ-சர்ட்டைப் புரட்டித் தையல் பார்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் நிமிரவில்லை.

"எந்தக் கைன்னு சொன்ன?"

"வலது கையாம்க்கா. சோறு கூடப் பிசைய முடியலையாம். ஒரு வாரமா வேலைக்கே வரலையாம்."

"மாசாணி கண்ணத் தொறந்துட்டா" என்றாள் சீனியம்மாள், மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி.

அன்று மதியம் கொண்டுவந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி மேசைக்கு மேசை கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "சாமி குடுத்தது, தின்னுங்க" என்றாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சீனியம்மாளும், சாத்தான்குளத்திலிருந்து ரோஸ்மேரியும் திருப்பூருக்கு வந்து இறங்கியபோது இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. லைன் வீட்டில் ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே டிபன் பாக்ஸ். கல்யாணம் ஆனபிறகும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். மகளுக்கு முன்னால் பிறந்த முதல் பிள்ளை சீனியம்மாளுக்குத் தங்காமல் போனது. பிறகு அம்மா செத்தாள். அந்த நாட்களிலும் அவளுக்குத் தூக்கம் கெட்டதில்லை. ரோஸ்மேரி பாயைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். "அழுது முடிச்சிட்டியா? அப்ப தூங்கு" என்பாள். சொல்லி வைத்தாற்போலத் தூக்கம் வந்துவிடும்.

சுடலைக்கு வெள்ளகோவிலில் இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தபோதும் ரோஸ்மேரிதான் கூட இருந்தாள். சுடலை சீனியம்மாளின் புருஷன், கட்டிங் மாஸ்டர். இருவரும் பஸ் ஏறி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனார்கள். அநியாயம் செய்தவர்களைக் கேட்கச் சொல்லி அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். காரியம் பலித்தால் திரும்பப் போய் எண்ணெய் சாத்தி அம்மனைக் குளிர வைக்க வேண்டும். கழுத்தில் சிலுவை ஆட ஆட ரோஸ்மேரிதான் அம்மியைப் பிடித்து அரைத்தாள். நெடியில் இருவருக்கும் கண்ணீர் கொட்டியது.

"ஏட்டி, உங்க சேசுவுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரு மன்னிக்கிற ஆளு. இந்த வேலைக்கு இவதான் சரி."

அழுதுகொண்டே சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சீனியம்மாள் வெள்ளகோவிலுக்கே போய் அந்தப் பெண்ணின் வாசலில் நின்று கத்தினாள். அவள் திருப்பிக் கத்தவில்லை. "உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க" என்றாள். பிறகு, "ரோஸ்மேரி அக்காவுக்கு ரெண்டு வருசமாத் தெரியுமுங்களே. கொழந்தைக்குச் சட்டையெல்லாம் எடுத்துட்டு வந்தாங்களே. உங்களுக்குச் சொல்லலீங்களா?" என்று கேட்டாள்.

சீனியம்மாள் அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

புருஷன் செய்ததற்குத் தெருவில் பத்துப் பேர் ஆறுதல் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அது காய்ந்துவிட்டது. சுடலை காய்ச்சலோடு வந்து நின்ற ஒருநாள் கஞ்சி காய்ச்சிக்கூடக் கொடுத்து அனுப்பினாள். ஆனால் ரோஸ்மேரி செய்ததை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே ஆள் ரோஸ்மேரிதான்.

அதனால் சொல்லவில்லை, செய்தாள். தையலில் குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. அதே கம்பெனியில் ரோஸ்மேரி தைத்த நல்ல பீஸ்களிலெல்லாம் ஒட்டினாள். ரோஸ்மேரி தையல் லைனில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துத் தைத்தாள். ஒரு சீசன் தாங்கியவள், கடைசியில் திருமுருகன்பூண்டிப் பக்கம் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அதுவும் போதவில்லை. சீனியம்மாள் தனியாக ஆனைமலைக்குப் போனாள். இந்த முறை அவளே அரைத்தாள். "சட்டை எடுத்துக் குடுத்த கை விளங்கக் கூடாது" என்று கல் சிவக்கச் சிவக்கப் பூசினாள்.

அதற்கப்புறம்தான் பிரஷர் மாத்திரை, பாதி ராத்திரியில் விழிப்பு எல்லாம். ரோஸ்மேரியை எங்காவது பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று படுத்தபடியே ஒவ்வொரு வார்த்தையாகத் தீட்டுவாள். காலையில் அவளை எழுப்பி வேலைக்கு அனுப்பியதே அந்தக் கோபம்தான்.

"அக்கா, பலிச்சிருச்சுல்ல. போய்க் குளிர வச்சிருங்க. இல்லன்னா திருப்பி நம்மளயே பாக்கும்பாங்க" என்றாள் அனுசுயா, மைசூர்பாகைத் தின்றபடி.

"பாக்கட்டும். ஒரு கை போதாது."

ஆனால் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பூண்டிக்குப் போனாள். சிலைப் பட்டறைகளில் ஞாயிறென்றும் பாராமல் உளிச் சத்தம். சந்துக்குள் திரும்பியதும் ரோஸ்மேரி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையால்.

"வாட்டி" என்றாள் ரோஸ்மேரி. "லீவு நாள்ல எப்படியும் வந்திருவன்னு நெனச்சேன்."

"கை?"

ரோஸ்மேரி விரல்களை விரித்து மடக்கிக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. லீவு போட்டுட்டு நான்தான் சென்னியப்பன்கிட்டச் சொன்னேன். அவன் வாயில போட்டா உன் காதுக்கு வராமப் போகுமா?"

"எதுக்கு?"

"நல்லாருக்கேன்னு சொல்லிவிட்டா வந்திருப்பியா நீ?" வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "மாத்திர தின்னுறியாம். தூங்க மாட்டேங்கிறியாம். மிளகா அரைச்சதும் எனக்குத் தெரியும். கை விழுந்திருச்சுன்னே வச்சுக்க. நீதான் ஜெயிச்ச. ரெண்டு பேருமாப் போய் அவளுக்கு எண்ணெய் சாத்திட்டு வந்திருவோம். போதும்டீ, வயசாகுது."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"உன் மக கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் சொல்ல வாய் வரல."

ராத்திரி ராத்திரியாகத் தீட்டி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடச் சீனியம்மாளுக்கு அப்போது உதவவில்லை.

"எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு அன்னைக்கும் நீதான் முடிவு பண்ணுன. இன்னைக்கும் நீதான் பண்ணியிருக்க. நான் சந்தோசப்படுறதுக்கும் உன் பொய்யி வேணுமா எனக்கு? மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்டி, ஊருக்கெல்லாம்!"

ரோஸ்மேரி எழுந்து கையைப் பிடிக்க வந்தாள். சீனியம்மாள் உதறிவிட்டுச் சந்துக்கு வெளியே வந்து அவிநாசி ரோட்டில் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு தெளிவாக வேலை செய்தது. போனை எடுத்துச் சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ரோஸ்மேரிய நேர்ல பாத்துட்டுத்தான் வாரேன். நீங்க சொன்னது நெசம்தான். கை சுத்தமா விளங்கல. வெளிய நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு வேலைக்கு வருவா, நம்பாதீங்க. மெஷின்ல விரல விட்டுக்கிட்டான்னா யாரு பதில் சொல்லுறது? அவங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி வச்சிருங்க."

"அய்யோ பாவமுங்க. இருங்க, இப்பவே கூப்புட்டுச் சொல்லிப்போடறனுங்க."

"சொல்லிருங்க. அவ நல்லதுக்குத்தான்."

பஸ் அனுப்பர்பாளையத்தைத் தாண்டும்போது மடியில் போன் அடித்தது. அந்த எண்ணை அழித்துப் பல வருஷம் ஆகிறது. பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகத்தான் வந்தது. யாரென்று தெரிய அவளுக்குப் பெயர் தேவையில்லை. சென்னியப்பன் சொன்னது அதற்குள் ரோஸ்மேரி காதுக்குப் போய்விட்டதா, இல்லை அவள் சும்மாதான் கூப்பிடுகிறாளா என்பதுதான் தெரியவில்லை.

ஒரு முறை முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

"போன் அடிக்குதுங்கக்கா" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"தெரியுது" என்றாள் சீனியம்மாள். எடுக்கவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை. இரண்டு கையாலும் அதை மூடிப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது.