கடைசி இடத்துக்குப் பாடிய அகல்யா

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அகல்யாவுக்குப் பயம் என்பது பிறவிக் குணம் இல்லை. புருஷன் பரமசிவம் ஆபீஸ் போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போனாரே, அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் வேலை பார்த்த லோதி ரோடு அரசாங்க அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸையும் இவள் பெயருக்கு மாற்றினார்கள். கருணையில் வந்தது யாராவது கோபப்பட்டால் போய்விடுமோ என்று அவளுக்கு ஓயாத கவலை. மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினால் போதும், செருப்பை மாட்டுவதற்குள் நாக்கு வறண்டுவிடும். மகள் வைஷ்ணவி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் ஒரு நிலைக்கு வரும்வரை தன்னை அந்த நாற்காலியை விட்டு யாரும் எழுப்பிவிடக் கூடாது. முருகனிடம் அகல்யா வேறு எதுவும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்குக் குரலை மட்டும் முருகன் கேட்காமலே அள்ளிக் கொடுத்துவிட்டான். கிருத்திகைக்குக் கிருத்திகை மலை மந்திர் முருகன் கோயிலில் பாடுவாள். அங்கே கேட்டுவிட்டுத்தான் சுந்தரேஷ் வந்து பிடித்துக்கொண்டான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் மெட்டுப் போடுகிற பைத்தியம். ‘ஏழு நாட்டுக் குரல்’ என்று ஒரு டி.வி. போட்டிக்கு அவளைப் பாட வைத்து ஒரு பாட்டை அனுப்பினான். நாட்டுக்கு ஒரு புதுத் தமிழ்ப் பாட்டு. அவரவர் ஊர் ஸ்டுடியோவிலிருந்து நேரலையில் பாட வேண்டும், மற்ற நாட்டு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். இந்தியாவின் பாட்டாக சுந்தரேஷின் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். அகல்யா லீவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

போட்டி சனிக்கிழமை சாயங்காலம். அதற்கு முன்னால் மூன்று நாள் ஒத்திகை. பார்லிமென்ட் கூட்டத்தொடர் நடக்கிற சமயம் அது. எந்த எம்.பி. என்ன கேள்வி கேட்பாரோ, எதற்குப் பதில் தயாராக வேண்டுமோ என்று ஆபீசே அடுப்பு மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வாரங்களில் லீவு என்று யாராவது வாயெடுத்தால் பிரிவு அதிகாரி கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதைத் தாங்க இவளால் ஆகாது. உடம்பு சரியில்லை என்றால் மட்டும்தான் வழி. தெரிந்த டாக்டரிடம் போய் நின்றாள். “க்யா தக்லீஃப் ஹை?” என்று உடம்புக்கு என்னவென்று கேட்டார் அவர். கால்வலி என்று சொல்லக் கூடாதா, வயிற்றுவலி என்று சொல்லக் கூடாதா? நாள் முழுக்கப் பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தவள் கையைத் தொண்டைக்குக் கொண்டுபோய்விட்டாள். வாயைத் திறந்து பேசவே கூடாது என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டார் புண்ணியவான்.

டெல்லியில் அந்தச் சேனலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டுதான் ஒத்திகைக்குப் போய்வந்தாள். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்காரர் ஒருவர் உற்சாகமாக வந்தார்.

“மேடம், நாம ஜெயிச்சா மறுநாளே ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துல பாராட்டுக் கூட்டம். பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க. சால்வை போர்த்த கஸ்தூரிரங்கன் சாரைக் கேட்டிருக்கோம். லோதி ரோட்டுல பெரிய ஆபீசர். பாடறது யாருன்னு சொல்லலை, சஸ்பென்ஸா வெச்சிருக்கோம்.”

அகல்யா மைக்கைப் படக்கென்று கீழே வைத்ததில் ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்.

“டரோ மத் அம்மா, எதுக்குப் பயம்? நீ ஜெயிச்சா அவரே குஷியாயிடுவாரு” என்றாள் வைஷ்ணவி.

“குஷியா? பொய் சர்ட்டிபிகேட்டுன்னு மெமோ குடுப்பாரு. வேலை போனா மறுமாசமே இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உன்னைக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிப்பேன்?”

“அப்ப போகாத.”

“போகலன்னா அந்தச் சுந்தரேஷ் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே அவளுக்கு ஒரே ஒரு சந்து தெரிந்தது. ஜெயித்தால்தானே சால்வை? கடைசியாக வந்தவளை யார் தேடப் போகிறார்கள்?

சனிக்கிழமை விளக்குகள் எரிந்தன. பாட்டு தொடங்கியது. பல்லவியில் குரல் தானாக இழைந்து வந்ததைப் பார்த்து அவளுக்கே கிலி பிடித்தது. சரணத்தில் ஓர் இடம் உண்டு. குரல் மேலே ஏறி, ஏறின இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஓர் இடத்துக்காகத்தான் சுந்தரேஷ் பாட்டையே கட்டியிருந்தான். ஒத்திகையில் ஒரு தடவைகூடப் பிசகாத இடம். அங்கே வந்ததும் அகல்யா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பாதியில் விட்டுவிட்டு, குரலைப் பொத்தென்று கீழே போட்டாள். அவள் பாட்டுக்கு ஒரு பக்கம், சுருதி பாட்டுக்கு ஒரு பக்கம் போயிற்று.

மதிப்பெண் சொல்லும்போது மற்ற நாட்டுப் பாடகர்கள் கூடுதலாக வர வேண்டும் என்று கும்பிட்டார்கள். இவள் வரக் கூடாது என்று கும்பிட்டாள். இலங்கை நடுவர் ஒருவர் பல்லவியைப் புகழ்ந்து நிறையப் போட்டுவிட்டார். பாவி மனுஷா, போதும் நிறுத்து என்று உள்ளுக்குள் அலறினாள். நல்லவேளையாக மற்றவர்கள் கைவிட்டார்கள். மலேசியாவில் ஈப்போவிலிருந்து பாடிய பெண் ஜெயித்துத் திரையில் தேம்பித் தேம்பி அழுதாள். இந்தியா கடைசி. அகல்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சுந்தரேஷ் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை.

“தொண்டையா அக்கா?” என்று மட்டும் கேட்டான்.

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை ஆபீசில் நுழைந்தவுடனே கஸ்தூரிரங்கன் கூப்பிட்டு அனுப்பினார். முருகனை நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சனிக்கிழமை ஆத்துல டி.வி. பார்த்துண்டிருந்தேன்” என்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தாள். “சார், நான்...”

“பேசாதேங்கோ. தொண்டை அவ்வளவு மோசமா இருக்கறச்சே, ஒத்துண்ட வார்த்தைக்காகப் போய்ப் பாடினேளே, எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? நம்ம செக்‌ஷன் பூரா பெருமைப்படறது. இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ.”

அகல்யா வெளியே வந்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். இதற்கு என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தொடர் முடிந்த அன்று செக்‌ஷனில் டீயும் சமோசாவும் வந்தன. கஸ்தூரிரங்கனே ஆரம்பித்தார். “இப்போ தொண்டை தேவலையோன்னோ? அந்தப் பாட்டைப் பாடுங்கோ, கேட்போம்.” மாட்டேன் என்று சொல்லவும் பயந்துகொண்டு பாடினாள். சரணத்தில் அந்த இடம் வந்தது. பழகின குரல் அவளைக் கேட்காமலே மேலே ஏறி அப்படியே நின்றது. ஹிந்திக்காரர்கள்கூட டீயை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு மட்டும் இந்தத் தொண்டை இருந்திருந்தா கப்பு டெல்லிக்கு வந்திருக்கும்” என்றார் அவர். “அடுத்த வருஷம் முன்னாடியே என்கிட்ட சொல்லிடுங்கோ. பார்லிமென்ட் செஷனாவது ஒண்ணாவது, நான் பார்த்துக்கறேன்.”

“சரி சார்” என்றாள். தொண்டையை அடைத்தது, நிஜமாகவே.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுந்தரேஷிடமிருந்து போன் வந்தது. அடுத்த வருஷம் லீவு கிடைக்கும், தைரியமாகப் பாடலாம் என்று நாமே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரம்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷப் பாட்டை சென்னையில ஒரு பொண்ணுக்குக் குடுக்கறேன். உங்க குரல் மாதிரி வராது, தெரியும். ஆனா லைவ்ல உங்க தொண்டையை நம்ப முடியலியே.”

தொண்டைக்கு ஒன்றுமில்லை, வேண்டுமென்றேதான் கெடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் நிகழ்ச்சிக்காரர்களிடம் சொல்லுவான், அவர்கள் சங்கத்தில் சொல்லுவார்கள், சங்கத்திலிருந்து கஸ்தூரிரங்கன் காதுக்குப் போகும்.

“ஆமாப்பா” என்றாள் அகல்யா. “இந்தத் தொண்டையை நம்ப முடியாதுதான்.”