கேரட், கூம்பு, சாம்பார் வாளி

கனஉருவங்கள் சொல்லித்தருகிறவன் வீட்டில் எந்தக் காயும் முழுசாகத் தங்காது என்பது, இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

நான் முறையாகப் படித்த வாத்தியார் இல்லை. மில்லில் வேலை பார்த்துக்கொண்டே பழைய பாடப்புத்தகங்களை வைத்துக் கணக்கு கற்றவன். மனைவி போன பிறகு, பொழுது போக வேண்டுமே என்று, இராஜபாளையத்தில் காதர் பாயின் பேண்டேஜ் கடை மாடியில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுத்தேன். மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவார் பாக்கியம். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். மற்ற பாடங்களில் எல்லாம் தேறியாயிற்று, கணக்குதான் பாக்கி. பத்தாவது பாஸானால் அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்போ நெருங்கிவிட்டது. இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது.

ஒரே ஒரு வெட்டு

முதல் நாள் குறுக்குவெட்டு. கேரட்டை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் என்று சொல்லி, கத்தியைப் பாக்கியத்தின் கையில் கொடுத்து ஒரு வெட்டு வெட்டச் சொன்னேன். பலகையில் நான் படம் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கேரட் முழுவதும் பொடிப்பொடியாகக் கிடந்தது. அடுத்து முள்ளங்கி கொடுத்தேன். அதுவும் அப்படியே. வெட்டுமுகத்தைப் பார்க்க முகமே மிஞ்சவில்லை. அன்று இரவு எனக்குக் கூட்டு.

ஒரு வெட்டோடு நிறுத்தக் கூடாதா அம்மா என்று கேட்டேன். பாக்கியம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் நிப்பாட்டிட்டேன் சார், கைதான் கேக்க மாட்டேங்கு."

நுனி இல்லாத கூம்பு

அடுத்த வாரம் ஆளுக்கொரு கூம்பு கொண்டுவரச் சொன்னேன். செல்வின் என்று ஒருவர், நூல் மில்லில் வேலை. கதிர் என்கிற சுழலும் கம்பியில் மாட்டி நூல் சுற்றுகிற காகிதக் கூம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பாக்கியமும் அதையே யாரிடமோ வாங்கி வந்திருந்தார். மொத்த வகுப்பும் அதையே கொண்டுவந்திருந்தது. இது கூம்பு இல்லை, நுனியை வெட்டி எடுத்த இடைக்கண்டம் என்றேன். யாரும் நம்பவில்லை. நானே காகிதத்தைச் சுருட்டி, நுனி வைத்த முழுக் கூம்பு ஒன்று செய்து காட்டினேன். செல்வின் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுதான சரக்கைத் திருப்பி அனுப்புகிற முகம்.

"நுனி இருந்தா கதிர்ல எப்படி சார் மாட்டுறது? ஒங்க கூம்பு எந்த மில்லுல ஓடும்?"

படி இறங்கிய உருளை

உருளைக்குக் காதர் பாயிடம், பேண்டேஜாக இன்னும் வெட்டாத ஒரு பெரிய துணி ரோல் கேட்டேன். காட்டிவிட்டுத் தருவேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். நான் அதைக் குறுக்கே நாலைந்து துண்டாக வெட்டினேன். வட்டம் அழகாகத்தான் வந்தது. ஆனால் வெட்டின துண்டு ஒன்று நிற்கவில்லை. உருண்டது. மாடிப்படியில் தட்டுத் தட்டாக இறங்கி, பின்னால் துணியை விரித்துக்கொண்டே போய்க் கடை வாசலில் படுத்தது. பிடிக்கப் போன அவசரத்தில் செல்வின் இன்னும் இரண்டைத் தட்டிவிட்டார்.

காதர் பாய் வெள்ளைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே படியேறி வந்தார். வகுப்புக்கு இன்றோடு முடிவு என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அகலம் பார்த்தார்.

"ஒரே சைஸா வெட்டச் சொல்லுங்க சார், பொறவு எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாடம் நடத்துங்க."

எது வெளிப்பக்கம்?

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மடவார் வளாகம் கோயிலில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடப் போவதாகவும், சந்தேகம் இருப்பதால் அங்கே வரமுடியுமா என்றும் பாக்கியம் கேட்டார். போனேன். பாதியாக நறுக்கின எலுமிச்சையைக் கையில் வைத்திருந்தார். இதைவிட நல்ல அரைக்கோளம் கிடைக்குமா? அதையே காட்டி, வளைந்த வெளிப்பரப்பு எது என்று விளக்கினேன். பாக்கியம் கேட்டுக்கொண்டே சாற்றைப் பிழிந்து, தோலை அழுத்தி உள்பக்கம் வெளியே வரும்படி கிண்ணமாகத் திருப்பிவிட்டார். மஞ்சள் உள்ளே போயிற்று, வெள்ளை வெளியே வந்தது. இப்போது எதைக் கணக்கில் எடுப்பது என்று கேட்டார். எனக்கே குழம்பியது. சூத்திரத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற அம்மாள் பொறுமை இழந்துவிட்டார்.

"உள்ளயோ வெளியயோ, செத்த நேரத்துல ராகுகாலம் முடிஞ்சிரும், நெய்ய ஊத்துங்க."

நாலு விரக்கடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. வாசலில் காத்திருந்தேன். பாக்கியம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இடைக்கண்ட வடிவ வாளி ஒன்று, அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேள்வியாம். சூத்திரம் சரியாகப் போட்டாராம். ஆனால் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வாளியைத் தூக்கினால் தளும்பும் அல்லவா? அதனால் மேலே நாலு விரக்கடை கழித்துக்கொண்டாராம். நான் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். குடிக்க முடியவில்லை.

முடிவு வரும்வரை அவரைவிட நான்தான் அதிகம் தூங்காமல் இருந்தேன். தேறிவிட்டார், மயிரிழையில். வடிவியல் படமும் வரைபடமும் காப்பாற்றியிருந்தன. அவற்றில் தளும்புவதற்கு ஒன்றுமில்லை. அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நேரே மாடிக்கு வந்தார். வாளிக் கணக்கை மட்டும் சொன்னபடி போட்டிருந்தால் இன்னும் மார்க் வந்திருக்குமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் துளியும் வருத்தப்படவில்லை.

"மார்க்கு கொறைச்ச ஆளு ஒரு நாளும் சாம்பார் வாளி தூக்கியிருக்க மாட்டாரு சார்."

என்னிடம் படித்தவர்கள் தேறியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். நான் நடத்தினதால்தான் தேறினார்களா என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.